ரோமில் கார் ஓட்டிய கதை: ஒரு சிவப்புப் பலகையும் பத்து மாதம் கழித்து வந்த தபாலும்

போன ஆகஸ்டில் ஒரு மத்தியானம் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே இத்தாலிய முத்திரை. “யாருடா ரோம்ல இருந்து லெட்டர் போட்டிருக்காங்க?” என்று அம்மா ஆசையாக எட்டிப் பார்த்தார். பிரித்தால், நாங்கள் எடுத்த வாடகைக் காரின் நம்பர், தேதி, நேரம் 17:41. தடை செய்யப்பட்ட பகுதிக்குள் நுழைந்ததற்கு அபராதம். அக்டோபரில் போய்வந்த பயணத்துக்கு ஆகஸ்டில் பில்.

இது எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிட்டால், ரோமில் கார் எடுக்க நினைக்கிற யாருக்காவது ஒரு நூறு யூரோவாவது மிஞ்சும் என்று எழுதுகிறேன்.

கார் எடுத்ததே அம்மாவின் மூட்டு வலிக்காக. ரோம் நடந்து பார்க்க வேண்டிய ஊர் என்று எல்லோரும் சொன்னார்கள். அங்கே எல்லா மெட்ரோ நிலையங்களிலும் லிஃப்ட் கிடையாது. பழைய தெருக்களில் ‘சாம்பியெத்ரீனி’ என்று சொல்கிற சின்னச் சின்ன கருங்கற்களைப் பதித்திருக்கிறார்கள். பார்க்க அழகு, எழுபது வயது முழங்காலுக்கு எமன். கார் இருந்தால் வாசலிலேயே இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குதான் தப்பு. ரோமில் நீங்கள் எந்த வாசலுக்குக் காரில் போக ஆசைப்படுவீர்களோ, அந்த வாசலுக்குத்தான் பெரும்பாலும் காரில் போக முடியாது.

ஆனால் காரே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஆறு நாளில் எங்களுக்கு இன்றும் நினைவில் நிற்கிற மூன்று இடங்களுக்குக் காரில்தான் போனோம். மூன்றும் ஊரின் விளிம்பில் இருப்பவை.

முதலில் காகித வேலை. நம் ஊர் ஓட்டுநர் உரிமம் மட்டும் இத்தாலியில் போதாது, கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரம் வேண்டும். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் ஆயிரம் ரூபாய் கட்டி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொண்டேன். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல்கள் கேட்பார்கள். ஒரு வருடம்தான் செல்லும் என்பதால் ரொம்ப முன்கூட்டி எடுத்துப் பயனில்லை. அசல் உரிமத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் இந்தப் பத்திரம் வெறும் சாம்பல் நிறப் புத்தகம்தான்.

ஃபியுமிச்சீனோ விமான நிலையத்தில் கார் கவுன்ட்டரில் அரை மணி நேரம் வரிசை. கிரெடிட் கார்டு, அதுவும் ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். என் மனைவி பெயரில் இருந்த கார்டைத்தான் நாங்கள் எப்போதும் பயன்படுத்துவோம். நல்லவேளையாக என்னுடையதையும் எடுத்து வந்திருந்தேன். முன்பணமாக ஒரு பெரிய தொகையை அதில் பிடித்து வைத்தார்கள். அப்புறம் கூடுதல் காப்பீட்டுப் பேச்சு. அடிப்படைக் காப்பீட்டில் கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பாகம் பெரும்பாலும் சேராது. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வண்டியைச் சுற்றிச் சுற்றி நாற்பது போட்டோ எடுத்தேன். பின் பம்பரில் இருந்த ஒரு கீறலைக் காகிதத்தில் குறிக்கச் சொன்னபோது கவுன்ட்டரில் இருந்த பையன் முகம் சுளித்தான். குறிக்காமல் நான் சாவியை வாங்கவில்லை.

வண்டி ஃபியட் பாண்டா, கியர் வண்டி. ஸ்டீயரிங் இடப்பக்கம். கிளம்பிய முதல் அரை மணி நேரம் இரண்டாவது கியர் போட வேண்டிய நேரத்தில் எல்லாம் என் இடது கை பழக்கத்தில் போய்க் கதவில் இடித்தது. இண்டிகேட்டரும் வைப்பரும் இடம் மாறி இருக்கும். திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் வெயிலில் வைப்பர் வறவறவென்று ஓடியது. பின் சீட்டில் இருந்த பையன் ஒவ்வொரு முறையும் “அப்பா, மழை!” என்று கத்தினான். இரண்டாம் நாள்தான் கை பழகியது. ரவுண்டானாவில் வலப்பக்கமாக நுழைந்து, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும் என்பதை மட்டும் முந்தின இரவே மனப்பாடம் செய்திருந்தேன்.

ரோம்காரர்கள் ஓட்டுவதைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஓட்டியவனுக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஸ்கூட்டர்கள் இரு பக்கமும் உரசிக்கொண்டு போகும், லேன் என்பது ஒரு ஆலோசனை அளவில்தான். எனக்குப் பயம் வந்தது மனிதர்களால் இல்லை, பலகைகளால்.

‘ஸோனா அ த்ராஃபிக்கோ லிமிதாத்தோ’, சுருக்கமாக ‘ஜெட்.டி.எல்.’ என்பார்கள். அனுமதி இல்லாத வண்டிகள் போகக் கூடாத பகுதி. நகர மையத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் மாலை 6 மணி வரை; சனிக்கிழமை மத்தியானம் 2 முதல் 6 வரை; வெள்ளி, சனி இரவுகளில் மறுபடியும் தனி நேரம். த்ரஸ்தேவேரே போன்ற பகுதிகளுக்கு வேறு நேரங்கள். நான் போனபோது இருந்தது இது, போகும்முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்புக் கட்டை எதுவும் இருக்காது. போலீஸ்காரர் கிடையாது. நுழைகிற தெருமுனையில் ஒரு கேமரா, ஒரு மின்பலகை, அவ்வளவுதான். உள்ளே வீடு உள்ளவர்கள், டாக்ஸி, பேருந்து போகலாம். உள்ளே ஹோட்டல் எடுத்திருந்தால் உங்கள் வண்டி எண்ணை ஹோட்டல்காரர்களே பதிந்து தருவார்கள்.

நாங்கள் தங்கியது பழைய நகர மதிலுக்கு வெளியே, அப்பியோ லத்தீனோ என்ற குடியிருப்புப் பகுதியில். இந்த ஒரு முடிவு மட்டும் சரியாக எடுத்தேன். பக்கத்தில் ஃபுரியோ கமில்லோ மெட்ரோ நிலையம். அங்கே ‘ஏ’ லைனில் ஏறினால் ஸ்பானியப் படிக்கட்டுக்கு ஸ்பான்யா, வத்திக்கானுக்கு ஒத்தாவியானோ என்று மாறாமல் போகலாம். டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். அம்மாவுக்கு முடியாத நாளில் டாக்ஸி, அது தடைப் பகுதிக்குள்ளும் போகும்.

தெருவில் நிறுத்துவதற்குக் கோட்டின் நிறம் பார்க்க வேண்டும். வெள்ளைக் கோடு இலவசம், நீலம் காசு, மஞ்சள் நமக்கு இல்லை. வெள்ளைக் கோட்டில் இடம் தேடி முதல் நாள் இரவு அதே நாலு தெருவை முக்கால் மணி நேரம் சுற்றினேன். கடைசியில் கிடைத்த இடத்துக்கு எதிரே ‘பஸ்ஸோ கராபிலே’ என்று ஒரு பலகை. கீழ் வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து, இரண்டு கையையும் ஆட்டி, அங்கிருந்து என்னைக் கிளப்பினார். அது வீட்டுக்குள் வண்டி போய்வரும் வழி, அங்கே நிறுத்தினால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர் புண்ணியத்தில் அந்தச் செலவு மிச்சம்.

மையத்தைப் பார்க்கப் போன நாளில் வில்லா போர்கேசே பூங்காவின் அடியில் இருக்கிற பெரிய பார்க்கிங்கில் விட்டோம். தடைப் பகுதிக்கு வெளியே இருப்பதால் பயமில்லை. அங்கிருந்து ஸ்பான்யா நிலையம் வரை நிலத்தடியில் நடைபாதை இருக்கிறது. நாங்கள் மேலே ஏறிப் பூங்கா வழியாகப் பின்ச்சோ மேட்டுக்குப் போனோம். அம்மா அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கீழே போபோலோ சதுக்கத்தைப் பார்த்துக்கொண்டே இட்லிப் பொடி தடவிய பிரெட்டைச் சாப்பிட்டார்.

சரி, கார் எதற்கு உதவியது?

வியா அப்பியா. கி.மு. 312-ல் அப்பியஸ் கிளாடியஸ் போடத் தொடங்கிய சாலை, 2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சான் செபஸ்தியானோ வாயில் வழியாக மதிலைத் தாண்டினால் இரு பக்கமும் உயரச் சுவர், நடைபாதையே இல்லாத ஒடுக்கமான தெரு. கால்நடையாக வந்திருந்தால் அம்மா பாதியில் திரும்பியிருப்பார். நாங்கள் சான் செபஸ்தியானோ நிலத்தடிக் கல்லறைகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, செசிலியா மெத்தெல்லா என்ற ரோமானியப் பெண்மணியின் உருண்டைக் கல்லறை வரை மெதுவாக நடந்தோம். அதைத் தாண்டினால் பழைய கற்களே கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் அகலம், கறுப்பு, மேலே வழவழவென்று தேய்ந்திருக்கும். சில கற்களில் வண்டிச் சக்கரம் போய்ப்போய்ப் பள்ளம் விழுந்திருந்தது. பையன் தன் செருப்பை அந்தப் பள்ளத்தில் வைத்து அளந்து பார்த்தான், சரியாக உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை இந்தச் சாலையில் காருக்குத் தடை, அதனால் வார நாளில் போனோம்.

இரண்டாவது ஓஸ்தியா அந்தீக்கா, பழைய ரோமின் துறைமுக ஊர். வாசலிலேயே வண்டி நிறுத்தலாம். கப்பல் வணிகர்கள் கடை வைத்திருந்த சதுக்கத்தில் தரையெல்லாம் கறுப்பு வெள்ளைக் கல் பதித்த சித்திரம். அதில் ஒரு யானை. ஆப்பிரிக்கக் கரையில் இருந்த சப்ரத்தா ஊர் வணிகர்களின் அடையாளம் அது. அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார், “நம்ம ஊர் யானை மாதிரி காது இல்லையே” என்றார்.

மூன்றாவது ஜியானிகோலோ குன்று. மேலே கரிபால்டி சிலை வரை காரிலேயே ஏறலாம். நாங்கள் போய் நிறுத்தி, கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று கூரைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது காலடியிலேயே ‘டமால்’ என்று வெடித்தது. அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். தினமும் நண்பகல் 12 மணிக்குச் சிப்பாய்கள் கீழே பீரங்கி வெடிக்கிறார்கள். ஊரில் உள்ள தேவாலயங்கள் ஆளுக்கொரு நேரத்துக்கு மணி அடிக்காமல் ஒரே நேரத்தில் அடிப்பதற்காக 1847-ல் ஒன்பதாம் பயஸ் போப் ஆரம்பித்து வைத்த வழக்கம். முதலில் சந்த் ஆஞ்செலோ கோட்டையில் வெடித்தார்கள், 1904-லிருந்து இந்தக் குன்றில். புகை அடங்கியதும் ஊர் முழுக்க மணிச் சத்தம் கிளம்பியது. பயம் தெளிந்த அம்மா, “நாளைக்கும் வருவோமாடா?” என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் போனோம், இந்த முறை சூரியன் மறைவதைப் பார்க்க. மேகம் மூடிவிட்டதால் சீக்கிரமே கிளம்பினோம். இறங்கும்போது திபெர் ஆற்றங்கரைச் சாலை முழுக்க நெரிசல். போனில் வழி சொல்கிற பெண் குரல் குறுக்கு வழி காட்டியது. பாலத்தைத் தாண்டி ஒரு தெருமுனை. மேலே மின்பலகையில் சிவப்பு எழுத்தில் ‘வார்கோ அத்தீவோ’.

ஏற்கெனவே நான் படித்து வைத்திருந்தேன். ‘வார்கோ’ என்றால் நுழைவழி. ‘அத்தீவோ’ என்றால் செயல்பாட்டில் உள்ளது. அந்த மூன்று வினாடியில் என் மூளை இரண்டையும் சேர்த்து, ‘வழி செயல்படுகிறது, அதாவது திறந்திருக்கிறது, போ’ என்று மொழிபெயர்த்தது. என் முன்னால் ஒரு டாக்ஸி வேறு நிதானமாக நுழைந்தது. பின்னால் ஹாரன். “ஏங்க, சிவப்புல எழுதியிருக்கே?” என்று மனைவி கேட்டு முடிப்பதற்குள் உள்ளே வந்துவிட்டேன்.

செயல்படுவது வழி இல்லை, கேமரா. ‘நோன் அத்தீவோ’ என்று இருந்தால்தான் நாம் போகலாம். இன்னும் 19 நிமிடம் ஆற்றங்கரையிலேயே நின்றிருந்தால் மணி ஆறாகி, பலகையே மாறியிருக்கும்.

உள்ளே ஒரு காபிக் கடையில் விஷயத்தைக் கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, சீசர் காலத்திலிருந்தே இப்படித்தான் என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன், வீட்டுக்கு வந்து படித்தால் உண்மை. ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டமொன்று சூரியன் உதித்ததிலிருந்து பிற்பகல் வரை ரோமுக்குள் சரக்கு வண்டிகள் ஓடக் கூடாது என்கிறது. கோயில் கட்டுகிற வண்டி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. அதனால் வண்டிகள் எல்லாம் ராத்திரியில் ஓடின. பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரம் பக்கத்தில் மாக்சென்சியஸ் மண்டபத்தின் அடியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்று இருந்திருக்கிறது. முசிறியில் கப்பலேறிய நம் பக்கத்து மிளகும் பொழுது சாயக் காத்திருந்துதான் ஊருக்குள் போயிருக்கும். எனக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது வாடகை நிறுவனத்தில் ஒன்றும் சொல்லவில்லை. பெட்ரோல் போடும்போது மட்டும் சின்ன விஷயம்: ‘பென்ஸீனா’தான் பெட்ரோல், ‘கசோலியோ’ டீசல். ‘செர்வீத்தோ’ என்று எழுதிய பக்கம் நின்றால் ஆள் வந்து போடுவார், லிட்டருக்கு விலையும் கூடும். நாமே போட்டுக்கொள்கிற பக்கம் மலிவு. நான் தெரியாமல் ஆள் போடுகிற பக்கம் நின்றேன், கடைசி நாள் அசதி என்று விட்டுவிட்டேன்.

ஜனவரியில் கார்டில் 40 யூரோவுக்கு மேல் ஒரு பிடித்தம் வந்தது. அபராதம் இல்லை, என் முகவரியை அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனத்தின் கட்டணம். வாடகை ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் இருந்ததுதான். அபராதம் தனியாக வரும் என்று அப்போதே புரிந்தது. வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்ப அதிகாரிகளுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. நாங்கள் மறந்தே போன பிறகு வந்தது: 83 யூரோ, தபால் செலவு தனி. கையில் கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி.

இணையத்தில் கார்டு போட்டுக் கட்டப் பார்த்தேன். ஓ.டி.பி. வரவேயில்லை. நாலாம் நாள் வங்கிக்குப் போனேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ‘ஏ2’ என்ற படிவம். அதில் எதற்காக அனுப்புகிறீர்கள் என்று ஒரு கட்டம், அதற்கென்று குறியீடுகளின் நீளமான பட்டியல். கவுன்ட்டரில் இருந்த பெண் பட்டியலை மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை பார்த்தார். படிப்பு, மருத்துவம், உறவினர் பராமரிப்பு, நன்கொடை எல்லாம் இருந்தது.

“அபராதம்னு ஒண்ணும் தனியா இல்ல சார். ‘சுற்றுலாச் செலவு’ன்னு போட்டுடட்டுமா?”

“போடுங்க, அதுவும் அந்தச் செலவுதான்” என்றேன்.