செகண்ட் லைஃபில் ஓனர் கடையை மூடும்போது

செகண்ட் லைஃப் என்பது இணையத்தில் இயங்கும் ஒரு மெய்நிகர் உலகம், அங்கே நிலத்தை வாடகைக்கு எடுத்து வீடு வைத்திருப்பவர்கள் உண்டு. போன வாரம் அப்படி ஒரு தோழி பதறிப்போய் மெசேஜ் அனுப்பியிருந்தார். லாகின் செய்தால் வீட்டுக்குப் போகாமல் ஏதோ பொது இடத்தில் போய் நிற்கிறேன், மேப்பில் எங்கள் தீவு இருந்த இடத்தில் வெறும் கடல்தான் தெரிகிறது, என் கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறா என்று கேட்டிருந்தார். கோளாறு எதுவும் இல்லை, அவருக்கு நிலத்தை வாடகைக்கு விட்டிருந்த ஓனர் மூடிவிட்டுப் போய்விட்டார். படித்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் எனக்கும் இதேதான் நடந்தது. அன்றைக்கு நானும் முதலில் ரவுட்டரைத்தான் அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.

செகண்ட் லைஃபில் வாடகைக்கு இருக்கும் பலர் தாங்கள் யாரிடம் வாடகைக்கு இருக்கிறோம் என்பதையே சரியாகப் புரிந்துகொள்வதில்லை. அங்கே நிலம் ரீஜன் என்ற துண்டுகளாக இருக்கும், ஒரு ரீஜன் என்பது 256 மீட்டருக்கு 256 மீட்டர், அதாவது 65,536 சதுர மீட்டர். அதை செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் கம்பெனியிடம் இருந்து எடுத்து மாதாமாதம் டாலரில் டையர் என்ற கட்டணம் கட்டுபவர் ஒருவர், அவர்தான் ஓனர். அவர் அதைப் பார்சல் பார்சலாகப் பிரித்து நமக்கு விட்டு, வாரா வாரம் அந்த உலகின் பணமான லிண்டன் டாலரில் வாடகை வாங்குகிறார். கம்பெனியின் கணக்கில் அந்த ரீஜனுக்கு அவர் ஒருவர்தான் பொறுப்பு. நாம் வாடகைப் பெட்டியில் போட்ட பணம் நமக்கும் அவருக்கும் நடுவில் உள்ள விவகாரம், அந்த மாதிரிச் சண்டையில் தலையிடுவதில்லை என்பதுதான் கம்பெனியின் நிலை. பார்சலை 'விற்பனைக்கு' என்று போட்டிருப்பார்கள், நாமும் வாங்கியிருப்போம், நில விவரத்தில் உரிமையாளர் என்று நம் பெயர்கூட வரும். இப்படி ஒருவர் எடுத்து நடத்தும் தனியார் எஸ்டேட்டில் அந்தப் பெயருக்கு மதிப்பு ஓனர் டையர் கட்டும் வரைதான்.

இதில் கோர்ட் ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். மார்க் பிராக் என்ற வழக்கறிஞர், தன் கணக்கை முடக்கி நிலத்தையும் எடுத்துக்கொண்டதாக லிண்டன் லேப் மீது போட்ட வழக்கு இருக்கிறது. 2007இல் அது சமரசமாக முடிந்துவிட்டது, இப்படிப்பட்ட நிலம் சொத்தா இல்லையா என்ற கேள்விக்குக் கோர்ட் பதில் சொல்ல வேண்டிய நிலையே வரவில்லை. அதிலும் அவர் கம்பெனியிடம் நேரடியாக நிலம் வாங்கியவர். நாம் அவருக்கும் ஒரு படி கீழே இருக்கிறோம்.

ஓனர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். 2018இல் ஒரு முழு ரீஜனின் மாதக் கட்டணத்தை 295 டாலரில் இருந்து 249 ஆகக் குறைத்தார்கள். அந்தக் குறைந்த விலையிலேயே கணக்குப் போடுவோம். 4,096 சதுர மீட்டர் பார்சல்களாக 16 பிரித்தால், 16ம் நிரம்பியிருக்கும்போது ஒரு பார்சலுக்குச் சுமார் 15 டாலர் 60 சென்ட் வந்தால்தான் முதலே தேறும். அதில் 4 காலியானால் மீதி 12 பேரிடம் இருந்து ஆளுக்கு 20 டாலர் 75 சென்ட் வரவேண்டும். வாடகையை ஏற்றினால் இன்னும் 2 பேர் கிளம்புவார்கள். ஏற்றாவிட்டால் கையில் இருந்து போட வேண்டும். செகண்ட் லைஃப் நில வியாபாரியான அன்ஷே சுங் 2006இல் பிசினஸ்வீக் அட்டையில் வந்த காலத்தில் இந்த வியாபாரத்தில் இறங்கியவர்கள் ஏராளம். 2008 அக்டோபரில் ஓப்பன்ஸ்பேஸ் என்ற மலிவு வகை ரீஜன்களின் மாதக் கட்டணத்தை 75 டாலரில் இருந்து 125 ஆக்கப்போவதாக லிண்டன் லேப் அறிவித்தபோது, அந்த வகை ரீஜன்களை வரிசையாக எடுத்து வைத்திருந்தவர்கள் ஆடிப்போனார்கள். ஹோம்ஸ்டெட் என்ற இன்னொரு மலிவு வகை ரீஜன் வைத்திருக்க வேண்டுமானால் ஒரு முழு ரீஜனும் வைத்திருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் இருந்த விதி, அதனால் ஓனர் முழு ரீஜனைக் கைவிட்டால் அதை நம்பி நின்ற ஹோம்ஸ்டெட்டும் கூடவே போகும். அங்கே குடியிருப்பவருக்கு அந்த முழு ரீஜன் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது.

ஆகவே மூடுவது தப்பில்லை. எப்படி மூடுகிறார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம்.

என் முதல் ஓனரும் மூடிவிட்டுத்தான் போனார். ஆனால் 5 வாரம் முன்னாலேயே எல்லாருக்கும் நோட்கார்டு அனுப்பினார். உடம்பு முடியவில்லை, இனி நடத்த இயலாது, இன்ன தேதியில் ரீஜன் போய்விடும் என்று தெளிவாக எழுதியிருந்தார். அன்றைக்கே வாடகைப் பெட்டிகளை எடுத்துவிட்டார், மீதி இருந்த வாரங்களுக்கான பணத்தைக் கேட்காமலே திருப்பிப் போட்டார், கடைசி நாள் வரை சும்மா இருந்துகொள்ளுங்கள் என்றார். கடைசி இரவு படகுத்துறையில் எல்லாரும் கூடினோம். ஒவ்வொருவராக வீட்டை எடுக்க எடுக்க தீவு மொட்டையாகிக்கொண்டே வந்தது. கஷ்டமாக இருந்தது, ஆனால் யாரும் ஒரு பொருளைக்கூட இழக்கவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்த 4 பேர் சேர்ந்து வேறு ரீஜனில் பக்கத்துப் பக்கத்து பார்சலாகவே பிடித்துக்கொண்டோம்.

இரண்டாவது ஓனர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது திரும்பிப் பார்த்தால் அடையாளங்கள் எல்லாம் இருந்தன. பக்கத்துப் பார்சல்கள் மாதக்கணக்கில் காலி. மெசேஜுக்குப் பதில் 1 நாளில் வந்தது 1 வாரமானது. அப்புறம் திடீரென்று 3 மாதம் முன்பணம் கட்டினால் பெரிய தள்ளுபடி என்று அறிவித்தார், நான் உடனே கட்டினேன். அதற்கு அடுத்த 3வது வாரம் ரீஜனே இல்லை. போனது பணம் மட்டும் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

என் வாசலில் ஒரு பெஞ்சு இருந்தது. முதல் தீவில் இருந்த ஒரு அண்டைவீட்டுக்காரர் எனக்காகச் செய்து கொடுத்தது, சாய்மானத்தின் இடது பக்கம் மட்டும் மரத்தின் கோடுகள் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும், டெக்ஸ்சரை, அதாவது மேலே ஒட்டும் படத்தை, சரியாகப் பொருத்தத் தெரியாத காலத்தில் அவர் செய்தது. ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று பிரதி எடுக்க முடியாத நோ-காப்பி பொருளாகக் கொடுத்திருந்தார். அவர் லாகின் செய்து பல வருடமாகிறது. ஓனர் முறையாக எங்கள் பொருள்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் அது என் பொருள்களைச் சேமித்து வைக்கும் இன்வென்டரியில் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் வந்து விழுந்திருக்கும். ஒரு கிளிக் வேலை. ரீஜன் அப்படியே போய்விட்டதால் போய் எடுக்கவும் வழியில்லை, பெஞ்சு என்னிடம் வந்து சேரவும் இல்லை.

அதற்குப் பிறகு சில பழக்கங்கள் வந்துவிட்டன. எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் 2 வாரத்துக்கு மேல் முன்பணம் கட்டுவதில்லை. பிடித்தமான நோ-காப்பி பொருளை வெளியே வைத்துவிட்டு நாள்கணக்கில் லாகின் செய்யாமல் இருப்பதில்லை, ஊருக்குப் போவதாக இருந்தால் உள்ளே எடுத்து வைத்துவிட்டுத்தான் போவேன். அக்கம்பக்கத்தவர் எல்லாரையும் ஃப்ரெண்ட்ஸில் சேர்த்துக்கொள்கிறேன், ரீஜன் போன பிறகு அவர்களைத் தேடிப் பிடிக்க ஓனரின் குரூப்பை நம்பிப் பிரயோஜனம் இல்லை. குடியேறும் முன் கவனன்ட் என்ற நில விதிகளைப் படித்துவிட்டு, மூடினால் எத்தனை நாள் முன்னால் சொல்வீர்கள், மீதிப் பணம் திரும்ப வருமா என்று நேராகவே கேட்டுவிடுகிறேன். நல்ல ஓனர்கள் இதைக் கேட்டுக் கோபப்படுவதில்லை.

கட்டணம் கட்டும் பிரீமியம் கணக்கு எடுத்து, கம்பெனியின் மெயின்லேண்டில் சொந்த நிலத்திலோ, 2019இல் திறந்த பெல்லிசேரியா என்ற பகுதியில் கம்பெனி தரும் லிண்டன் ஹோமிலோ இருந்தால் நடுவில் ஓனர் என்ற ஆளே இல்லை. அது உண்மைதான். ஆனால் கம்பெனியே மூடிவிட்டால்? இதே மாதிரி மெய்நிகர் உலகங்களான இன்வேர்ல்ட்ஸ் 2018இல் மூடியது, ஆல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சில் மூடியது. அதற்கு நம் கையில் மருந்து இல்லை. ஓனர் மூடுவதற்கான மருந்து ஓனர் கையிலேயே இருக்கிறது. 2 வாரம் முன்னால் ஒரு நோட்கார்டு, அதற்கு அப்புறம் எல்லார் பொருளையும் திருப்பி அனுப்பும் அந்த ஒரு கிளிக். முன்பணத்தை உடனே திருப்பித் தர முடியாத நிலை என்றால்கூட அதைச் சொல்லிவிட்டு மூடலாம்.

தோழிக்கு இப்போதைக்கு என் பார்சலின் வடக்கு ஓரத்தில் 400 பிரிம் (எவ்வளவு பொருள் வைக்கலாம் என்பதற்கான கணக்கு) ஒதுக்கி, குரூப்பில் சேர்த்துவிட்டேன். நேற்று இரவு வந்தார். வீடு காப்பி எடுக்கக்கூடியது என்பதால் இன்வென்டரியில் பத்திரமாக இருந்தது, ரெஸ் செய்து, அதாவது வெளியே எடுத்து வைத்து, பார்த்துவிட்டு உடனே எடுத்துவிட்டார், உள்ளே ஒன்றும் இல்லாமல் பார்க்க முடியவில்லையாம். அப்புறம் ஒரு விளக்கை மட்டும் நட்டுவைத்து அதன் கீழே உட்கார்ந்தார். தன் பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர்களை ஞாபகப்படுத்தி ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் தேடிக்கொண்டே இருந்தேன். 7 பேரில் 5 பேரைப் பிடித்துவிட்டோம்.