ஒரு சுவரைப் பூச ஆள் வைப்பதா, நாமே பூசுவதா: பெங்களூருவில் நான் போட்ட கணக்கு

15 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள ஒரே ஒரு சுவரைப் பூசித் தருவதாகச் சொல்லி 16,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்ட மேஸ்திரியிடம் நான் கொடுத்த முன்பணம் 5,000 ரூபாய் இன்றுவரை திரும்பி வரவில்லை. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். ஆள் வைத்தால் எவ்வளவு, நாமே செய்தால் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கூலியையும் சிமென்ட் விலையையும் மட்டுமே பார்க்கிறார்கள். பணம் போவது வேறு வழிகளில் என்பதை என் சுவர் எனக்குக் காட்டிவிட்டது.

வீடு அல்சூர் பக்கம், பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. குளியலறைக் குழாய்க் கசிவால் படுக்கையறைச் சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு பொருமியிருந்தது. கசிவைக் குழாய்க்காரர் அடைத்துவிட்டார்; சுவரும் கோடையில் நன்றாகக் காய்ந்துவிட்டது. எஞ்சியது பூச்சு வேலை மட்டும்தான்.

விலை கேட்டபோதுதான் சின்ன வேலைக்கு ஆள் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று புரிந்தது. புதுக் கட்டடங்களில் ஆயிரக்கணக்கான சதுர அடியைச் சேர்த்து எடுக்கும்போது சதுர அடிக்கு 35, 40 ரூபாய்க் கூலிக்குச் செய்வதாகச் சொன்ன அதே ஆட்கள், என் 150 சதுர அடி என்றதும் சதுர அடிக்கு 80 ரூபாய்க்குக் குறையாமல் கேட்டார்கள். ஒருவர் பொருள் நம்முடையது, கூலி மட்டும் 12,000 என்றார்; இன்னொருவர் வருவதாகச் சொல்லி வரவே இல்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. சாரம் கட்டுவது, கலவை போட இடம் பிடிப்பது, சாமான்களை மாடிக்கு ஏற்றுவது எல்லாம் 150 அடிக்கும் ஒன்றுதான், 1,500 அடிக்கும் ஒன்றுதான். பொருளும் சேர்த்து என்று சொன்னவர் ஒருவர்தான் என்பதால் அந்த 16,000 ரூபாய் மேஸ்திரிக்குச் சரி சொன்னேன்.

அதற்கு முன் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி வாங்க வேண்டும். சங்க அலுவலகத்தில் இருந்த எழுத்தர், விண்ணப்பத்தில் 'சிவில் வேலை' என்று எழுதியிருப்பதால் கட்டடப் பொறியாளரின் சான்றிதழும் வரைபடமும் வேண்டும் என்றார். சுவரை இடிக்கவில்லை, தோலை மட்டும்தான் உரிக்கிறோம் என்று எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவர் அசையவில்லை. அன்றைய அரை நாள் விடுப்பு அப்படியே வீணானது. பிறகு செயலாளரைப் பார்த்தபோது அவர் சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'வண்ணம் பூசுவதற்கு முந்தைய பழுதுபார்ப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழைய அடுக்குமாடியில் இருப்பவர்கள் முதலிலேயே இப்படி எழுதுவது நல்லது. 10,000 ரூபாய் வைப்புத் தொகையும், மணல் மூட்டையை மின்தூக்கியில் ஏற்றக்கூடாது என்ற நிபந்தனையும் அதோடு வந்தன. இந்த இரண்டாவது நிபந்தனைதான் பின்னால் கணக்கையே மாற்றியது.

மேஸ்திரி ஒரு பையனோடு வந்தார். பொருமிய இடங்களை மட்டும் மேலோட்டமாகத் தட்டிவிட்டு, மீதிப் பழைய பூச்சின் மேலேயே, சுவரை நனைக்கக்கூட இல்லாமல், கலவையை அடிக்கத் தொடங்கினார். மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும், ஈரம் சீக்கிரம் இழுப்பதற்காக மேலே வெறும் சிமென்ட் தூளைத் தூவித் தேய்த்தார். மறுநாள் காலையில் அந்த இடம் முழுவதும் முடி இழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன. காய்ந்த சுவர் கலவையின் நீரை உறிஞ்சிக்கொண்டால் சிமென்ட் இறுகுவதற்கு நீர் போதாது. மேல்தோலில் மட்டும் சிமென்ட் அதிகமானால் அது உள்ளிருக்கும் கலவையைவிட அதிகமாகச் சுருங்கி வெடிக்கும். விரல் முட்டியால் தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம். கேட்டதற்கு, "காஞ்சா எல்லாம் சரியாயிடும் சார், மேல பட்டி பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றார். உரித்துவிட்டு மறுபடி பூசச் சொன்னதும், மிச்சப் பணத்தைக் கொடுத்தால்தான் கை வைப்பேன் என்று சாமான்களை எடுத்துக்கொண்டு போனவர், அதன்பின் கைபேசியை எடுக்கவே இல்லை.

எனவே உரிக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். உளி, சுத்தியல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தூசிக்கு நல்ல முகமூடி எல்லாம் சேர்ந்து 900 ரூபாய். செங்கல் தெரியும் வரை முழுச் சுவரையும் உரித்து, செங்கல் இணைப்புகளில் இருந்த தளர்ந்த சாந்தைச் சுரண்டி, கம்பித் தூரிகையால் உப்பைத் தேய்த்து எடுத்தேன். இதற்குத் திறமை தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும். கூலிக்கு வருபவர் அவசரத்தில் விட்டுவிடும் இடமும் இதுதான், பூச்சின் ஆயுளைத் தீர்மானிக்கும் இடமும் இதுதான்.

இடிபாட்டின் எடையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 150 சதுர அடியில் 15 மில்லிமீட்டர் கனப் பூச்சு என்பது ஏறத்தாழ 400 கிலோ. அன்றாடக் குப்பை வண்டியில் இதை வாங்க மாட்டார்கள். கட்டட இடிபாட்டுக் கழிவை முறையாக அப்புறப்படுத்தும் பொறுப்பு அதை உண்டாக்கியவருடையது என்று மத்திய அரசு விதிகளே சொல்கின்றன. காலி மனையில் இரவோடு இரவாகக் கொட்டிவிடலாம் என்று ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. பிடிபட்டால் வரும் அபராதத்தை அவர்கள் கட்டப்போவதில்லை. மூட்டைகளைக் கீழே இறக்கி, கழிவு வாங்கும் இடத்துக்கு லக்கேஜ் ஆட்டோவில் அனுப்பியதற்கு 1,800 ரூபாய் ஆனது.

அடுத்தது மணல். இங்கே ஆற்று மணலை மறந்துவிட வேண்டியதுதான். எல்லாம் கல்லை உடைத்துச் செய்யும் மணல். அதில் கான்கிரீட்டுக்கான எம்-சாண்ட் வேறு, பூச்சுக்கான பி-சாண்ட் வேறு. கடைக்காரர் எம்-சாண்டைக் கொடுத்துவிட்டு எல்லாம் ஒன்றுதான் என்று சாதித்தார். மூட்டையைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் மாற்றிக்கொடுத்தார், அதுவும் போக்குவரத்துச் செலவு என் தலையில். எம்-சாண்டில் 4.75 மில்லிமீட்டர் வரை துகள் இருக்கும். தேய்க்கும்போது பெரிய துகள் இழுபட்டுக் கோடு விழும். பி-சாண்ட் அதைவிடச் சன்னமானது. இன்னொரு ஆபத்து, கல்லுடைக்கும் ஆலையின் தூசியையே மணல் என்று விற்பது. கண்ணாடிக் குவளையில் ஒரு பிடி மணலும் நீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். மேலே தடித்த சேற்றுப் படலம் படிந்தால் வாங்காதீர்கள்.

அளவுக் கணக்கு இது: 12 மில்லிமீட்டர் கனம், ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஐந்து பங்கு மணல், சேதாரம் சேர்த்து 150 சதுர அடிக்கு ஒன்றேகால் மூட்டை சிமென்ட்டும் ஏறத்தாழ 350 கிலோ மணலும் தேவை. சிமென்ட் அரை மூட்டையாகக் கிடைக்காது என்பதால் இரண்டு மூட்டை 840 ரூபாய், பி-சாண்ட் பத்து மூட்டை 900 ரூபாய். மின்தூக்கியில் ஏற்ற முடியாததால் மூட்டைக்கு 60 வீதம் ஏற்றுக்கூலி 720. ஆக, இறங்கியதும் ஏறியதுமாகச் சேர்த்தால் முக்கால் டன்னுக்கும் மேல் அந்தப் படிக்கட்டில் போய்வந்திருக்கிறது.

பொருள் கையில் இருந்ததால், வெளிப்பால்கனியில் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் இருந்த ஆறு சதுர அடிப் பொத்தலை முதலில் நானே பூசிப் பார்த்தேன். கலவையைச் சுவரில் தடவக்கூடாது, மணிக்கட்டைச் சுண்டி எறிய வேண்டும். அந்த வேகத்தில்தான் அது செங்கல்லின் குழிகளுக்குள் புகுந்து பிடிக்கும். எறிந்ததில் பாதி முதலில் தரைக்கு வந்தது. சுவரை நன்றாக நனைத்து, நீர் உள்ளிழுத்து மேற்பரப்பின் பளபளப்பு போன பின் எறிந்தபோது ஒட்டிக்கொண்டது. நீர் ஊற்றிக் கலந்ததை அரை மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால், ஒரு பாண்டு (கலவைச் சட்டி) அளவுக்கு மேல் கலக்கவில்லை. அந்தப் பொத்தல் இன்றும் கெட்டியாக நிற்கிறது, தட்டினால் கல் போலச் சத்தம் தருகிறது. அதே கையால் 15 அடிச் சுவரைத் தூக்குக்குண்டுக்குச் சரியாக நிறுத்த முடியாது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

பெரிய சுவருக்காக, காலையில் கூலியாட்கள் கூடும் சந்திப்புக்குப் போய், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை நாள் கூலிக்கு அழைத்துவந்தேன். கொத்தனாருக்கு நாளொன்றுக்கு 1,300, சித்தாளுக்கு 850. அவர் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உரித்திருந்த விதத்தைக் கண்டு, "யார் சார் கொத்தினது, நல்லா கொத்தியிருக்காங்க" என்று கேட்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. அவர் வேலையைப் பக்கத்திலிருந்து பார்ப்பதே ஒரு படிப்பு. முதலில் நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, சுவரின் மேலும் கீழுமாகக் கலவையால் சிறு கட்டிகள் வைத்து, கனத்துக்கு அடையாளம் ஏற்படுத்தினார். தூணும் செங்கல்லும் சேரும் கோட்டில் கோழிவலையை ஆணியடித்தார். இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வலை இல்லையென்றால் அங்கே வெடிப்பு நிச்சயம். பிறகு எறிந்து நிரப்பி, அலுமினிய மட்டப்பலகையைக் கீழிருந்து மேலாக, இடமும் வலமும் அசைத்தபடியே இழுத்தார். பலகையில் சேர்ந்த கலவையைப் பள்ளத்தில் எறிந்து மறுபடி இழுத்தார். கட்டை போட்டுத் தேய்ப்பதற்கு முன் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்து, 'இன்னும் இழுக்கலை' என்று ஒரு பீடி முடியும் வரை காத்திருந்தார். முதலில் வந்தவர் சிமென்ட் தூள் தூவிக் கடந்தது இந்தக் காத்திருப்பைத்தான்.

நாள் கூலியில் வேலை இழுக்கும் என்பார்கள். இழுத்தது உண்மை, இரண்டு நாளுக்கு இருவர் கூலியும் சேர்ந்து 4,300 ரூபாய் ஆனது. மொத்த ஒப்பந்தத்தில் அவசரப்படுவதால்தான் வேலை எடுப்பவருக்கு லாபம். பழுதுபார்க்கும் வேலைக்கு அது ஒத்துவராது.

நீர் விடும் வேலையையும் நானே வைத்துக்கொண்டேன். குறைந்தது ஏழு நாள் பூச்சு ஈரமாகவே இருக்க வேண்டும். எந்தக் கொத்தனாரும் இதற்காகத் திரும்பி வர மாட்டார். கட்டுமானத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2024 மார்ச் மாதத் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது குடிநீர் வாரியம் போட்ட உத்தரவை எங்கள் சங்கம் அறிவிப்புப் பலகையிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. எழுத்தர் அதைக் காட்டிக் குழாய் போட்டு அடிக்கக்கூடாது என்றார். ஆழ்துளைக் கிணற்று நீரைக் கைத்தெளிப்பானில் நிரப்பி, காலையும் மாலையும் தெளித்தேன். உட்புறச் சுவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இனி கணக்கு. உளி முதலானவை 900, பொருள் 1,740, ஏற்றுக்கூலி 720, ஆட்கூலி 4,300, இடிபாடு அகற்றியது 1,800. ஆக 9,460 ரூபாய். ஏமாந்த முன்பணம் இதில் இல்லை. முழுவதையும் நானே பூசியிருந்தால் ஆட்கூலி மிச்சமாகி, மட்டப்பலகை, கரண்டி, பாண்டு, தூக்குக்குண்டு என்று 1,600 கூடியிருக்கும், 6,760 ரூபாய். அதாவது முழுதாகச் சொந்தக் கையால் செய்வதில் கிடைக்கும் லாபம் 2,700 ரூபாய்தான். அந்தத் தொகைக்கு ஒரு சுவர் நேராக நிற்பதைப் பணயம் வைப்பது எனக்கு உவப்பாக இல்லை. உரிப்பதும் நீர் விடுவதும் நமக்கு, பூசுவது கொத்தனாருக்கு என்று பிரித்ததில்தான், 16,000 ரூபாய் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால், 6,500 ரூபாய்க்கும் மேல் மிச்சமானது. பத்து சதுர அடிக்குள் அடங்கும் பொத்தல் என்றால் மட்டும் ஆளைத் தேடாதீர்கள். தயார்க் கலவை 40 கிலோ மூட்டையில் கிடைக்கிறது. 12 மில்லிமீட்டர் கனத்தில் ஏறத்தாழ 20 சதுர அடிக்கு வரும், நீர் மட்டும் சேர்த்தால் போதும். ஜிப்சம் பூசினால் நீரே விட வேண்டாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அது உண்மைதான், ஆனால் ஈரம் கண்ட சுவருக்கு ஜிப்சம் ஆகாது.

வண்ணம் பூசுபவர் மறுவாரமே வரத் துடித்தார். சிமென்ட் பூச்சு நன்றாகக் காய 28 நாளாவது விடச் சொல்லி அவரை நிறுத்திவைத்திருக்கிறேன். வைப்புத் தொகை திரும்ப வந்துவிட்டது, படிக்கட்டைச் சுத்தம் செய்ததாக 600 ரூபாய் பிடித்துக்கொண்டு. படிக்கட்டைப் பெருக்கிக் கழுவியது நாங்கள்தான். அதற்குப் புகைப்படம் எடுத்து வைக்காததால் எழுத்தரிடம் வாதம் எடுபடவில்லை. அதையும் சேர்த்தால் 10,060 ரூபாய்.