சைப்ரஸ் அவென்யூவைக் கடைசியில் பாருங்கள்: வான் மாரிசனின் கிழக்கு பெல்ஃபாஸ்ட்

வட அயர்லாந்துப் பாடகர் வான் மாரிசனின் பாடல்களைக் கேட்டு அவரது ஊரான பெல்ஃபாஸ்ட் வருகிறவர்களில் பலர், அவர் பாடிய சைப்ரஸ் அவென்யூ என்ற தெருவில் டாக்ஸியில் நேராகப் போய் இறங்குகிறார்கள். மரங்களும் பெரிய வீடுகளும்தான் இருக்கும். ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும். அந்தத் தெருவுக்கு, கீழே அவர் வளர்ந்த தொழிலாளர் தெருவிலிருந்து நடந்து வரவேண்டும்.

நகர மையத்தில் டண்டொனால்ட் போகும் ஜி1 கிளைடர் பேருந்தைப் பிடியுங்கள். டிக்கெட்டை நிறுத்தத்தில் உள்ள இயந்திரத்திலேயே வாங்கிவிட வேண்டும், வண்டிக்குள் கிடைக்காது. ஹோலிவுட் ஆர்ச்சஸில் இறங்கினால் சி.எஸ். லூயிஸ் சதுக்கம். அங்குள்ள தகவல் மையத்தில் மாரிசன் நடைபாதையின் வரைபடத்தைக் கேளுங்கள். பாதை சுமார் 3.5 கிலோமீட்டர், நின்று பார்த்து நடக்க இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம்.

எல்ம்குரோவ் பள்ளியைத் தாண்டியதும் 'ஹாலோ' என்ற பள்ளம். 1967-இல் வந்த 'பிரவுன் ஐட் கேர்ள்' பாட்டில் வரும் இடம் இதுதான். நாக், லூப் என்ற இரு சிற்றாறுகள் இங்கே சேர்ந்து கான்ஸ்வாட்டர் ஆகின்றன. பெரிய ஆற்றை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். பழைய கல் பாலத்தையாவது நின்று பாருங்கள்.

பக்கத்திலேயே ஹிண்ட்ஃபோர்ட் தெரு, எண் 125. 1945-இல் அவர் பிறந்த வீடு. தெருவை ஒட்டியே வாசல் வைத்த செங்கல் வரிசை வீடுகளில் ஒன்று, சுவரில் சின்னப் பித்தளைப் பலகை. சுலபமாகக் கண்ணுக்குத் தப்பிவிடும், எண்ணைப் பார்த்துப் போங்கள். குடியிருக்கும் வீடு, அருங்காட்சியகமல்ல, கதவைத் தட்டாதீர்கள். கப்பல் கட்டும் தளத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்த அப்பா சேர்த்து வைத்த அமெரிக்க புளூஸ், ஜாஸ் இசைத்தட்டுகளைத்தான் சிறுவன் இங்கே கேட்டு வளர்ந்தான்.

இனி மேலே நடங்கள். கால் மணி நேரத்துக்குள் வீடுகள் அகலமாகி, தோட்டம் முளைத்து, தெருவின் இருபக்கமும் மரங்கள் வந்துவிடும். தொழிலாளர் தெருப் பையனுக்கு எட்டாத உலகம் எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பது காலுக்குத்தான் தெரியும். 1968-இல் நியூயார்க்கில் பதிவான 'ஆஸ்ட்ரல் வீக்ஸ்' ஆல்பத்தின் 'சைப்ரஸ் அவென்யூ' பாட்டை இங்கே காதில் மாட்டிக் கேளுங்கள். தம் 70-ஆவது பிறந்தநாளில், 2015 ஆகஸ்ட் 31 அன்று, மாரிசன் இதே தெருவில் கச்சேரி செய்தார்.

மறுநாள் கார் கிடைத்தால் 'கோனி ஐலண்ட்' பாட்டின் ஊர்களுக்கும் போகலாம். நியூயார்க் கோனி ஐலண்ட் அல்ல, வட அயர்லாந்தின் டவுன் (Down) என்ற கவுண்டியின் கடற்கரையில் இருப்பது. பாட்டில் ஊர்ப்பெயர் வரும் வரிசையில் ஓட்டினால் தெற்கும் வடக்குமாக அலைய வேண்டியிருக்கும். கிலிலே, டவுன்பேட்ரிக், செயின்ட் ஜான்ஸ் பாயிண்ட், கோனி ஐலண்ட், ஆர்ட்கிளாஸ் என்று போவதே சரி.