மகனுக்குச் சொல்லும் நம்பர்

“அப்ப நான் மகனுக்கு என்னத்தைச் சொல்றது மிஸி?” என்று சீனி வருத்தக் (நீரிழிவு) கிளினிக்கில் தாதியான என்னிடம் சாம்பல்தீவிலிருந்து வரும் அம்மா கேட்டார். வரிசை நீளமாக இருந்ததால் பதில் சொல்லாமல் அடுத்தவரைக் கூப்பிட்டேன். வரிசை இல்லாவிட்டாலும் என்னிடம் பதில் இருந்திருக்காது.

அதற்கு முன் நான் சொன்னது இவ்வளவுதான்: “மெட்போமின் குளிசை மட்டும்தானே அம்மா போடுறீங்க, சீனி பார்க்கக் காலையும் பின்னேரமும் விரலைக் குத்தத் தேவையில்லை.” அவருடைய விரல் நுனிகள் எல்லாம் கறுப்புப் புள்ளி. பக்கவாட்டில் குத்தினால் நோவு குறைவு என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போல. மெஷின் மகன் கனடாவிலிருந்து அனுப்பியது. அது அந்த நாட்டு அளவில் (mmol/L) 8.1 என்று காட்டும். எங்கள் கணக்குக்கு (mg/dL) 18ஆல் பெருக்கி 146 என்று கொப்பியில் எழுத வேண்டும். அதற்கான ஸ்ட்ரிப் டவுன் பாமசிகளில் இல்லை, யாராவது ஊருக்கு வந்தால்தான்.

இன்சுலினோ சீனியைச் சட்டென்று இறக்கும் குளிசையோ எடுக்காதவர்கள் தினமும் குத்திப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை எப்படியும் இரண்டு மூன்று மாதச் சராசரிக் கணக்கைச் சொல்லிவிடும். இதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் மகன் போன் எடுத்ததும் முதலில் கேட்பது “எத்தனை அம்மா?” என்றுதானாம். கூடினால் ஏசுவான், குறைந்தால் பேரப்பிள்ளையிடம் போனைக் கொடுப்பான். நம்பர் குறையவேண்டும் என்று இரவில் இரண்டு இடியப்பத்தோடு எழும்பிவிடுவாராம். இதைக் கேட்டதும் நான் நிறுத்தச் சொன்னது சரிதான் என்று பட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் அவ்வளவு சரியாகப் படவில்லை. நாங்களும் கொப்பியை வாங்கி நம்பரைப் பார்த்த பிறகுதானே ஆளின் முகத்தைப் பார்க்கிறோம்?

அடுத்த எச்பிஏ1சி 7.4 சதவீதத்திலிருந்து 8.2க்கு ஏறியிருந்தது. குத்துவதை விட்டதால் வாய்க்கட்டுப்பாடும் போய்விட்டதா, அல்லது அது மாம்பழக் காலமா? வருத்தம் பழசாகப் பழசாக ஏறத்தான் செய்யும் என்று டொக்டர் சொல்லி, சீனியை இறக்கும் கிளிக்லசைட் குளிசையைச் சேர்த்தார். சாப்பிடாமல் இருந்தால் அது சீனியை 70க்குக் கீழேயும் இறக்கிவிடும். ஆகவே நானே சொல்ல வேண்டியிருந்தது: “நடுக்கம், வியர்வை வந்தால் உடனே குத்திப் பாருங்க அம்மா. குறைஞ்சிருந்தா சீனித் தண்ணி குடியுங்க.”

“அப்ப திரும்ப மகனுக்குச் சொல்லலாம்தானே?”

“சொல்லுங்க. ஆனா இரவுச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது.”

சரி என்று தலையாட்டினார். நான் நம்பவில்லை.