இடது டிரம்

மே 26
மீன் ஏற்றும் வண்டியின் இடது பின்சக்கரம் சுற்றவில்லை. நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, ஆள் வைத்துத் தள்ளியும் வண்டி அசையவில்லை.

மே 27
முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, ஆக்சிலுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலை நீட்டக் கூடாது. மாப்பிள்ளைக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், சொல்வேன்.

வலது சக்கரம் லேசாக உரசிக்கொண்டு சுற்றுகிறது. ஆனால் பிரேக்கை மூடியிருக்கும் இரும்புக் கிண்ணமான டிரம் கழன்று வரவில்லை. இடது பக்கம் சக்கரமே சுற்றவில்லை.

எல்லாம் அந்த ஐஸ் தண்ணீர். மீன் பெட்டிகளிலிருந்து வடிந்து, பலகை இடுக்கு வழியாக நேரே பின்சக்கரங்களின் மேல்தான் இறங்குகிறது. தினமும் ஓடுகிற வண்டி என்றால் பிரேக் சூட்டில் காய்ந்துவிடும். மீன்பிடித் தடையால் ஏப்ரல் 15-லிருந்து நிற்கிற வண்டியில் எங்கே காயும்?

மே 28
அக்கா போன் செய்தாள். எடுக்கவில்லை.

மே 30
வலது டிரம் வந்துவிட்டது!

டிரம்மின் முகத்தில் மரை போட்ட ஓட்டைகள் இரண்டு உண்டு. கழற்றுவதற்கென்றே வைத்தவை, துரு மூடியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, இரண்டிலும் 8 மில்லிமீட்டர் போல்ட் ஏற்றினேன். இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று. ஒரே பக்கமாக முறுக்கினால் டிரம் கோணிக்கொண்டு இன்னும் இறுகும். திடீரென்று 'டக்'. சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருந்த துரு விட்டுவிட்டது.

உள்ளே, டிரம்மை உரசிப் பிடிக்கும் ஷூவின் மேல் ஒட்டிய லைனர் நன்றாக இருக்கிறது. பிரேக் மிதித்தால் ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டர் காய்ந்து, கசிவில்லாமல் இருக்கிறது. மாப்பிள்ளை காற்றுக் குழாயைக் கொண்டு வந்தான், தூசியை ஊதித் தள்ளலாம் என்று. வேண்டவே வேண்டாம் என்றேன். லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா இல்லையா என்று பார்வையில் தெரியாது. மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்தோம்.

ஜூன் 1
இடது பக்கம் அதே போல்ட், அதே முறை. போல்ட்தான் முறுகுகிறது, டிரம் அசையவில்லை. உள்ளேயே ஒடிந்துவிடும் என்று நிறுத்திவிட்டேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. டிரம் எதனால் பிடித்திருக்கிறது என்று தெரியாமல் அடிப்பதில் அர்த்தமில்லை. டிரம் ஹப்போடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். அப்படியென்றால் வெளியே துளிகூட வராது. ஷூ உராய்ந்து உராய்ந்து டிரம்முக்குள் பள்ளம் விழுந்து, ஓரத்தில் விளிம்பு நின்றிருக்கலாம். அப்படியென்றால் கொஞ்சம் வரும், பிறகு விளிம்பு ஷூவில் மாட்டி நிற்கும். ஆனால் இங்கே சக்கரமே சுற்றவில்லையே. ஷூ இன்னும் விரிந்தே நிற்கிறது. ஹேண்ட்பிரேக் லீவர் கீழேதான் இருக்கிறது. பின் எது அதை விரித்துப் பிடித்திருக்கிறது?

ஜூன் 3
மெக்கானிக் வந்து பார்த்தார். பெரிய சம்மட்டியால் ஓரத்தில் நாலு போடு போடச் சொன்னார். உடைந்தால் புதுசு வாங்கிக்கொள்ளலாமாம். மாப்பிள்ளை சம்மட்டியைத் தூக்கியேவிட்டான்.

டிரம் வார்ப்பிரும்பு. ஓரத்தில் அடித்தால் சில்லு தெறிக்கும், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அந்தக் கீறலோடு ஒன்றரை டன் ஏற்றிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் யார் போவது? இவன்தானே போகப்போகிறான். முடியாது என்று சொல்லிவிட்டேன். மெக்கானிக்குக் கோபம். இருக்கட்டும்.

ஜூன் 4
அக்கரைப்பேட்டையில் நாட்டுப்படகு மீன் மட்டும் கொஞ்சம் வருகிறது. மற்ற வண்டிகள் கொல்லம் பக்கம் போய் ஏற்றுகின்றன.

ஜூன் 6
கேபிள்!

வண்டிக்கு அடியில் படுத்து, மாப்பிள்ளையை லீவரை ஏற்றி இறக்கச் சொன்னேன். லீவரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் வலது கேபிள் தளர்கிறது. இடது கேபிள் அசையவே இல்லை. உறைக்குள்ளேயே துருப்பிடித்து, இழுத்த நிலையில் அப்படியே இறுகிவிட்டது. உள்ளே இருப்பவனுக்கு லீவர் இறங்கிவிட்டது, சக்கரத்துக்கு இறங்கவில்லை. டிரம்முக்குப் பின்னால் இருக்கும் பேக்கிங் பிளேட்டை ஒட்டிக் கேபிளை அறுத்தேன். உள்ளே ஸ்பிரிங் சுண்டிய சத்தம் கேட்டது. மரக்கட்டை வைத்து டயரில் தட்டத் தட்ட, கரகரவென்று சக்கரம் சுற்றியது.

மாப்பிள்ளை என் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

ஜூன் 8
ஹப் கழுத்திலும் சக்கர போல்ட்டான ஸ்டட் ஓரங்களிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டோம். ஸ்டட்டுகளுக்கு நடுவே, முகத்தில் மட்டும் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். மறுபடி புது போல்ட். அரை அங்குலம் வந்து நின்றது. நினைத்தது சரி, விளிம்பும் இருக்கிறது.

இனி ஷூவின் விரிவைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைப் பின்வாங்க வேண்டும். பேக்கிங் பிளேட்டில் ரப்பர் மூடியை எடுத்தால் சின்னச் சந்து. அதற்குள் பல்சக்கரம். ஒரு மெல்லிய ஸ்குரூ டிரைவரால் தானியங்கி நாக்கைத் தள்ளிப் பிடித்தால்தான் இன்னொன்றால் பல்லைத் திருப்ப முடியும். வெளிச்சம் போதவில்லை. கை நடுங்குகிறது. நாளை.

ஜூன் 9
இன்று நள்ளிரவோடு கேரளாவிலும் விசைப்படகுகளுக்குத் தடை, ஜூலை 31 வரை. எல்லா வண்டியும் இந்தப் பக்கம் திரும்பும். வண்டி தயாராக இல்லையென்றால் லோடு வேறு ஆளுக்குத்தான்.

பல்சக்கரம் சுற்றுகிறது.

ஜூன் 10
இடது டிரம் கையில்.

உள்ளே நனைந்திருக்கிறது. வீல் சிலிண்டரின் ரப்பரை விலக்கியதும் பிரேக் ஆயில் வழிந்தது. ஷூ முழுக்க ஊறி, லைனர் ஒரு மூலையில் பெயர்ந்து நிற்கிறது. சம்மட்டியால் அடித்துக் கழற்றியிருந்தால் எல்லாம் தூளாகி, எது எப்போது கெட்டது என்றே தெரிந்திருக்காது. மாப்பிள்ளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். “மாமா, மார்ச்ல திருத்துறைப்பூண்டி கிட்ட வண்டி வலது பக்கமா இழுத்துச்சே...” என்றான். ஆமாம்.

பெட்ரோலில் கழுவிப் போட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எண்ணெய் குடித்த லைனர் சூடானதும் மறுபடி கக்கும். இரண்டு பக்கமும் புது ஷூ, இரண்டு பக்கமும் புது சிலிண்டர். பணம் வேறு எங்கிருந்தாவது வரும்.

ஜூன் 11
லேத் பட்டறையில் டிரம் கடைந்தாயிற்று. அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே வார்த்திருக்கிறது. கடைந்த பிறகும் அதற்குள்தான் இருக்கிறது.

அக்காவிடம் பேசினேன். “அவன் ராத்திரி ஓட்டத்தான் வேணுமா?” என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 13
ஷூ மாட்டியாயிற்று. பேக்கிங் பிளேட்டில் ஷூ உரசும் மேடுகளில் துளித்துளியாக கிரீஸ், ஹப் கழுத்தில் மெல்லிய பூச்சு. அடுத்த முறை யார் கழற்றினாலும் சிரமப்படக் கூடாது. பிரேக் ஆயில் குழாயிலிருந்து காற்று எடுப்பதை இடது பின்சக்கரத்தில் தொடங்க வேண்டும். பிரேக் பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதுதான் தூரம்.

கேபிள்தான் இன்னும் இல்லை. கடைக்காரர் கொடுத்தது நீளம் குறைவு. நாகூர் பக்கம் ஒரு கடையில் இருக்கிறதாம், மாப்பிள்ளை போயிருக்கிறான். நாளை நள்ளிரவு தடை முடிந்து கடல் திறக்கிறது.