ஓட்டை மூடினால் பார்வை வந்துவிடுமா?

கண் மருத்துவமனையில் ஓசிடி ஸ்கேன், அதாவது விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிக்கிற ஸ்கேன், எடுக்கிற வேலை எனக்கு. சீட்டில் மாக்குலர் ஹோல் (விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் விழும் ஓட்டை) என்று எழுதி வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், "கண்ணுல ஓட்டையாம், ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமா?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, ஓட்டை எதனால் விழுந்தது, விழுந்து எவ்வளவு காலம் ஆச்சு என்பது.

அறுபது தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, வருவதுதான் அதிகம். வயதாக ஆக, கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் ஜெல் சுருங்கி விழித்திரையை விட்டு விலகும். சிலருக்கு மட்டும் அது மாக்குலாவின் நடுப்புள்ளியை விடாமல் பிடித்து இழுக்க, அந்த இடம் பிளந்துவிடுகிறது. டாக்டர் மெல்லிய ஒளிக்கோட்டை அந்த இடத்தில் விழவைத்துப் பார்ப்பார். ஒரு அம்மா "கோடு நடுவுல அறுந்து கிடக்கு தம்பி" என்று பட்டென்று சொன்னார். ஸ்கேனில் ஓட்டையின் விளிம்பு நீர் கோத்து வீங்கியிருந்தது, ஆனால் சுற்றியுள்ள ஒளி உணரும் செல்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் நம்பிக்கை அதிகம். ஒரு காலத்தில் இதற்கு வைத்தியமே இல்லை என்றுதான் நினைத்திருந்தார்கள். 1991இல் கெல்லி, வெண்டெல் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் ஜெல்லை அகற்றி, கேஸ் நிரப்பி, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து 52 கண்களில் 30இல் ஓட்டையை மூடிக் காட்டினார்கள். இன்று விழித்திரையின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உள்படலத்தையும் உரித்துவிடுவதால் சின்ன ஓட்டைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மூடிவிடுகின்றன.

பந்தோ பட்டாசோ பட்டு வருகிற பையன்களின் கதை வேறு. சின்ன வயது என்பதால் சிலருக்கு ஓட்டை தானாகவே மூடிக்கொள்ளும், அதனால் டாக்டர்களே கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பதுண்டு. ஆனால் அடி நடுப்புள்ளியோடு நிற்பதில்லை. ஒளி உணரும் செல்கள், அவற்றுக்கு ஊட்டம் தரும் நிறமி அடுக்கு, அதற்கும் கீழே உள்ள ரத்தக்குழாய்ப் படலம் வரை கிழிந்திருக்கலாம். ஓட்டை அழகாக மூடியிருக்கும், ஆனால் ஒளி உணரும் செல்கள் நன்றாக இருந்தால் ஸ்கேனில் அதற்குக் கீழே தெரிய வேண்டிய வெள்ளைக் கோடு மட்டும் இருக்காது. அந்தக் கோடு இல்லாத இடத்தில் பார்வை திரும்புவது கஷ்டம். பெற்றோரிடம் அதைச் சொல்லும் நேரம் மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

மைனஸ் பவர் மிக அதிகமாக உள்ளவர்களுக்கு கண் உருண்டையே நீண்டு, பின்பக்கம் பிதுங்கி, விழித்திரை இழுபட்டு மெலிந்துபோயிருக்கும். ஓட்டை விழும்போது அடியில் ஏற்கெனவே தேய்மானம் இருக்கும், சிலருக்கு விழித்திரையே கழன்றும் விடும். 2010இல் போலந்தில் மிகாலெவ்ஸ்கா குழுவினர் பெரிய ஓட்டைகளுக்கு, உரித்த படலத்தை முழுக்க எடுக்காமல் ஓட்டையின் மேலேயே மடித்துப் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். இவர்களுக்கும் அது கைகொடுக்கிறது. மூடுவது நடக்கிறது, செத்த செல்லுக்கு உயிர் கொடுக்க எந்த மடிப்பாலும் முடியாது.

எந்தக் காரணமாக இருந்தாலும், ஓட்டை திறந்தே கிடந்தால் விளிம்பில் உள்ள செல்களும் நாளாக நாளாகத் தேய்கின்றன. "புரையா இருக்கும், முத்தட்டும்" என்று வருஷக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் ஆதங்கமாக இருக்கிறது. இன்னொரு கண் சமாளித்துவிடுவதால் தெரிவதே இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டம் போட்ட கணக்கு நோட்டைப் பாருங்கள், அப்புறம் அடுத்த கண். கோடு வளைந்தாலோ நடுவில் காணாமல் போனாலோ அந்த வாரமே ரெட்டினா டாக்டரைப் பாருங்கள். ஆபரேஷன் முடிந்தவர்கள், மூடிவிட்டதா என்பதோடு நிறுத்தாமல், அடியில் அந்த வெள்ளைக் கோடு திரும்பி வருகிறதா என்றும் ஸ்கேனைக் காட்டிக் கேளுங்கள்.