என் சீதனக் காணியும் அவருடைய கையெழுத்தும்

பளையில் அம்மா எனக்குச் சீதனமாக எழுதித்தந்த தென்னங்காணியில் பாதியை மூத்த மகளுக்கு எழுதிவைக்கப் போனேன். கணவருடைய கையெழுத்து வேண்டும் என்றார் காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் கண்டதுதான், அதன்பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமையில் சீதனம் தாயிடமிருந்து மகளுக்கு வருவது. ஆனாலும் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. போருக்குப் பிறகு வடக்கில் எத்தனையோ வீடுகளைப் பெண்கள்தான் தனியாக நடத்துகிறோம். இந்தச் சட்டம் எங்களை நினைத்தே பார்க்கவில்லை.

மரணப் பதிவு எடுத்துவிட்டால் சுலபம் என்று பலர் சொன்னார்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. நான் மறுத்துவிட்டேன். அவர் இறந்ததை யாரும் பார்க்கவில்லை, காணிக்காக அப்படி எழுதிக்கொடுக்க என்னால் முடியாது. ஊருக்கு என் பொட்டும் ஒரு கேள்விதான். கல்யாண வீடுகளில் தாலித் தட்டை ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவருகிறவர்கள் என் வரிசைக்கு வந்ததும் தயங்குவார்கள். விதவை என்றால் ஒரு முறை, சுமங்கலி என்றால் ஒரு முறை. எங்களைப் போன்றவர்களுக்கு ஊரில் ஒரு முறையும் இல்லை.

அந்த 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தம், காணவில்லை என்பதற்கான சான்றிதழைத் தருகிறது. அதில் மரணம் என்று வராது. இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், பிறகு நீடிக்க வேண்டும். காணாமல் போனோர் பற்றி விசாரித்த ஆணைக்குழுவுக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, கிராம அலுவலரின் கடிதம், கல்யாணப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து அதை எடுத்தேன். காணி உறுதிப் பத்திரம் போரின்போது மாத்தளனில் பையோடு போய்விட்டது. அதன் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுத்தேன்.

அப்புறம் மாவட்ட நீதிமன்றம். அதே 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவில், கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் அவருடைய சம்மதம் இல்லாமலே நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று இருக்கிறது. நான் முதலில் கேட்ட இடங்களில் இதை யாரும் சொல்லவில்லை. சட்ட உதவி ஆணைக்குழு மூலம் கிடைத்த சட்டத்தரணிதான் சொன்னார், மனுவும் எழுதினார். தவணை தள்ளித் தள்ளிப் போனது. கடைசியாக எங்கே கண்டீர்கள் என்று நீதிபதி கேட்டபோது குரல் உடைந்துவிட்டது, ஆனாலும் முழுவதையும் சொன்னேன்.

நீதிமன்றக் கட்டளை கிடைத்ததும் நன்கொடை உறுதி முடிந்தது. இதே நிலையில் இருப்பவர்கள் சட்டத்தரணியிடம் முதலில் இந்த 8ஆம் பிரிவைப் பற்றிக் கேளுங்கள். மரணப் பதிவில் கையெழுத்து வைக்கச் சொல்லி யார் அவசரப்படுத்தினாலும், இந்தப் பிரிவைப் பற்றிக் கேட்டறிந்த பிறகு முடிவெடுங்கள்.